பாண்டியிலிருந்து பாரீஸ்: தூரம், பறக்கும் நேரம், வீட்டு வாசல் கணக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பிரான்சில் பிள்ளையோ அக்காவோ சித்தப்பாவோ இருக்கும் குடும்பங்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் ஏராளம். அவர்களைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள், முக்கியமாக முதல் முறை போகும் பெரியவர்கள், கேட்கும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகின்றன. அவற்றைக் கேட்டபடியே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறோம். இணையத்தில் தேடினால் கிடைக்கும் மணிக்கணக்கு சென்னை ஓடுபாதையில் தொடங்கி பாரீஸ் ஓடுபாதையில் முடிகிறது. உங்களுக்குத் தேவை உங்கள் வீட்டு வாசலில் தொடங்கும் கணக்கு.

பாண்டியிலிருந்து பாரீஸ் எத்தனை கிலோமீட்டர்?

ஊருக்கு ஊர் வான்வழி நேர்தூரம் சுமார் 8,100 கி.மீ. நீங்கள் விமானம் ஏறப்போவது சென்னையில், இறங்கப்போவது பாரீஸுக்கு வடகிழக்கே இருக்கும் சார்ல் த கோல் விமான நிலையத்தில். அந்த இரண்டுக்கும் இடையே சுமார் 8,030 கி.மீ. மைலில் சொன்னால் ஏறக்குறைய 4,990, விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் 4,335. ஒரு தளத்தில் 4,990 என்றும் இன்னொன்றில் 4,335 என்றும் பார்த்துக் குழம்ப வேண்டாம், தூரம் ஒன்றுதான். கடலூர்க்காரர்கள் 20 கி.மீ. கூட்டிக்கொள்ளலாம்.

அப்போ பிளைட்ல எத்தனை மணி நேரம்?

நேரடி விமானமாக இருந்தால் சென்னையிலிருந்து பாரீஸுக்கு பத்தரை முதல் 11 மணி நேரம். திரும்பும்போது ஒன்பதரை முதல் 10 மணி நேரம். ஓரிடத்தில் மாறிப் போனால், காத்திருப்பையும் சேர்த்து 14 முதல் 17 மணி நேரம். சென்னை–பாரீஸ் நேரடிச் சேவை எல்லாப் பருவத்திலும் நிலையாக ஓடுவதில்லை. ஆகவே டிக்கெட் எடுக்கும் மாதத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை நம்பித் திட்டமிடுங்கள்.

பாண்டி வீட்டை விட்டுப் பாரீஸ் வீட்டுக் கதவைத் தட்டும் வரை கணக்கிட்டால், நேரடி விமானத்தில் சுமார் 21 மணி நேரம், மாறிப் போனால் 27 மணி நேரம் வரை ஆகும். இந்த எண்ணை மனதில் வைத்தே சாப்பாடு, மருந்து, ஓய்வு எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும்.

விமானம் 900 கி.மீ. வேகத்தில் போகுதாமே? 8,000-ஐ வகுத்தா 9 மணி நேரம்தானே வருது?

வகுத்தல் சரி. மீதி ஒன்றரை மணி நேரம் மூன்று இடங்களில் போகிறது. முதலாவது, விமானம் நேர்கோட்டில் போவதில்லை. வகுக்கப்பட்ட வான்பாதைகளில், மூடப்பட்ட வான்வெளிகளைச் சுற்றிப் போவதால் 300 முதல் 500 கி.மீ. கூடும். இரண்டாவது, மேற்கே போகும்போது எதிர்காற்று. சராசரியாக 50 கி.மீ. எதிர்காற்று என்று வைத்தால் தரையைப் பொறுத்த வேகம் 850 ஆகிவிடும். 8,400 கி.மீ.யை 850-ஆல் வகுத்தால் 9 மணி 53 நிமிடம். மூன்றாவது, வாயிலிலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்த்து ஒரு 40 நிமிடம். கூட்டினால் பத்தரை மணி நேரம்.

இருக்கைத் திரையில் தெரியும் வேகம் தரையைப் பொறுத்த வேகம். ஒரு நேரம் 810 காட்டும், ஒரு நேரம் 960 காட்டும். என்ஜின் அதே வேலையைத்தான் செய்கிறது, காற்றுதான் மாறுகிறது.

திரும்பி வரும்போது சீக்கிரம் வந்துடுது. பூமி சுத்துறதாலயா?

இல்லை. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது, அதனால் சுழற்சி விமானத்துக்கு நேரடியாக உதவுவதோ தடுப்பதோ இல்லை. காரணம் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக்காற்று. டிசம்பர் முதல் மார்ச் வரை வட இந்தியா, ஈரான் மேல் இது மணிக்கு 150 கி.மீ.யைத் தாண்டி வீசும். போகும்போது முகத்தில் அடிக்கும் அதே காற்று வரும்போது முதுகில் தள்ளுகிறது. முந்தைய பதிலில் 850 என்று போட்ட இடத்தில் 950 போட்டுப் பாருங்கள், அந்த 40 நிமிடத்தையும் கூட்டினால் ஒன்பதரை மணி நேரம் வரும்.

தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தமிழ்நாட்டின் மேல் உயரக்காற்று திசை மாறி, கிழக்கிலிருந்து மேற்காக வீசும். அப்போது சென்னையிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு முதல் ஒரு மணி நேரம் கொஞ்சம் உதவி கிடைக்கும். அதற்கு மேல் வடக்கே போனதும் மறுபடி எதிர்காற்றுதான்.

டிக்கெட்ல ராத்திரி 1:30-க்குக் கிளம்பி காலை 8 மணிக்கு இறங்குதுன்னு போட்டிருக்கே, ஆறரை மணி நேரம்தானா?

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி. குளிர்காலத்தில் பாரீஸ் நம்மைவிட 4 மணி 30 நிமிடம் பின்னால். ஆறரையோடு நாலரை கூட்டினால் 11 மணி நேரம், அதுதான் உண்மையான பயணம்.

திரும்பும்போது கழிக்க வேண்டும். பாரீஸில் காலை 10:30-க்கு ஏறி சென்னையில் மறுநாள் 0:45-க்கு இறங்குவதாக இருந்தால், வெறும் கடிகாரக் கணக்கில் 14 மணி 15 நிமிடம். நாலரையைக் கழித்தால் 9 மணி 45 நிமிடம். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக “+1” என்று இருந்தால் மறுநாள் என்று அர்த்தம். அழைத்துப்போக வருகிறவர்களுக்குத் தேதி சொல்லும்போது அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சில பேர் மூணரை மணி நேர வித்தியாசம்னு சொல்றாங்க, சில பேர் நாலரைங்கிறாங்க. எது சரி?

இரண்டும் சரி. பிரான்சில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பழையபடி வைப்பார்கள். 2026-இல் அது மார்ச் 29, அக்டோபர் 25. கோடைக் கடிகாரம் ஓடும் ஏழு மாதமும் வித்தியாசம் 3 மணி 30 நிமிடம், மற்ற ஐந்து மாதம் 4 மணி 30 நிமிடம். இந்தியாவில் நாம் கடிகாரத்தைத் தொடுவதில்லை.

அக்டோபர் 20-இல் போய் நவம்பரில் திரும்பும் டிக்கெட்டில் போகும் கணக்கும் வரும் கணக்கும் வேறு வேறு. வீட்டுக்குப் போன் செய்வதற்கும் இது உதவும்: அங்கே காலை 8 மணி என்றால் இங்கே கோடையில் 11:30, குளிரில் 12:30.

15-ஆம் தேதி அதிகாலை 1:30 பிளைட்னா எந்த ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்பணும்?

14-ஆம் தேதி மாலை. இந்த ஒரு கேள்வியில் தவறினால் டிக்கெட் முழுவதும் போய்விடும். நள்ளிரவு 12 தாண்டியதும் தேதி மாறிவிடும், ஆனால் நம் மனதில் அது இன்னும் “14-ஆம் தேதி ராத்திரி”தான். சென்னையிலிருந்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புகின்றன, அதனால் இந்தத் தவறு எளிதில் நடக்கிறது. வீட்டு நாட்காட்டியில் 15-ஐ வட்டமிடாதீர்கள். 14-ஐ வட்டமிட்டு “மாலை 5:30 கிளம்ப வேண்டும்” என்று எழுதி வையுங்கள்.

அந்த 5:30 கணக்கு எப்படி வந்தது?

பின்னாலிருந்து எண்ணுங்கள். விமானம் 1:30. பயணப்பதிவு (செக்-இன்) மேடை வழக்கமாக மூன்று மணி நேரம் முன்பு திறக்கும், ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடும். இரவு 10 மணி முதல் 2 மணி வரை சென்னைப் பன்னாட்டு முனையத்தில் கூட்டம் அதிகம். நுழைவாயிலில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பார்ப்பது, பெட்டி ஒப்படைப்பு, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை என்று நான்கு வரிசை. ஆகவே 10 மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். பாண்டியிலிருந்து சாலையில் சுமார் 145 கி.மீ., சாதாரணமாக மூன்று முதல் மூன்றரை மணி நேரம். அதற்கு மேல் ஒரு மணி நேரம் கைவசம் வைத்தால் 5:30. ஒன்றும் நடக்காமல் 9 மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லதுதான், உட்கார்ந்து சாப்பிடலாம்.

கடலூரிலிருந்து என்றால் இன்னும் 40, 45 நிமிடம் முன்னால். பாண்டிக்குள் நுழைந்து மரப்பாலம், இந்திரா காந்தி சிலைச் சதுக்கம் வழியாகப் போகும் மாலை நெரிசலையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈ.சி.ஆர். நல்லதா, திண்டிவனம் வழி நல்லதா?

விமான நிலையத்துக்கு என்றால் திண்டிவனம் வழியே எங்கள் தேர்வு. திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு, தாம்பரம் என்று ஜி.எஸ்.டி. சாலை நேராக விமான நிலைய வாசலுக்கே கொண்டுபோய் விடுகிறது. ஈ.சி.ஆரில் போனால் கோவளத்தில் திரும்பி, கேளம்பாக்கம்–வண்டலூர் சாலை பிடித்து, கடைசியில் அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான் சேர வேண்டும். கடற்கரைச் சாலை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் இரவில் மாற்றுப்பாதை எங்கே தொடங்குகிறது என்பதும் சரியாகத் தெரியாது.

ஜி.எஸ்.டி. சாலைக்கும் ஒரு பலவீனம் உண்டு: செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை. ஞாயிறு மாலை, தீபாவளி, பொங்கல் விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்பும் நாள் என்றால் அந்த ஒரு பகுதியே ஒன்றரை மணி நேரம் தின்னும். அப்படிப்பட்ட நாளில் விமானம் என்றால் 5:30-ஐ 3:30 ஆக்குங்கள். ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகளுக்கு பாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே ஓட்டுநரைக் கேட்டுவிடுங்கள்.

கார் பிடிக்க வசதியில்லை. பஸ், ரயில்ல போய்ச் சேரலாமா?

சேரலாம், பெட்டி ஒன்றோ இரண்டோ என்றால். திண்டிவனம் வழியாக வரும் அரசுப் பேருந்துகள் கிளாம்பாக்கம் முனையத்தில் நிற்கும். அங்கிருந்து விமான நிலையம் 17, 18 கி.மீ., மாநகரப் பேருந்தோ வாடகை வண்டியோ எடுக்கலாம்.

கடலூர்க்காரர்களுக்கு ரயில் நல்ல வழி. திருப்பாதிரிப்புலியூரில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, புறநகர் ரயிலில் திரிசூலம் வந்தால் சாலைக்கு எதிர்ப்புறமே விமான நிலையம். தாம்பரத்திலிருந்து கால் மணி நேரம்தான். ஆனால் நடைமேடை மாறும்போது 23 கிலோ பெட்டியைப் படியில் தூக்க வேண்டும். துணைக்கு இளைஞர் ஒருவர் இல்லாமல் பெரியவர்கள் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

லாஸ்பேட்டையிலேயே ஏர்போர்ட் இருக்கே, அங்கேயிருந்து ஏன் போக முடியாது?

லாஸ்பேட்டை ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானங்களுக்கு அது போதும். 10 மணி நேரத்துக்கு எரிபொருள் நிரப்பிய பெரிய விமானம் மேலெழும்ப ஏறக்குறைய 3,000 மீட்டர் வேண்டும். சென்னையின் முதன்மை ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல்.

லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூருவுக்குச் சிறு விமானத்தில் போய், அங்கிருந்து பாரீஸ் நேரடி விமானம் பிடிக்கலாமே என்று சிலர் யோசிக்கிறார்கள். தூரம் ஒத்துவருகிறது: பெங்களூரு–பாரீஸ் சுமார் 7,825 கி.மீ. சிக்கல் பெட்டியில்தான். உள்நாட்டு டிக்கெட்டில் வழக்கமாக 15 கிலோ, பன்னாட்டு டிக்கெட்டில் 23 கிலோவோ அதற்கு மேலோ. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் பாண்டியிலேயே கூடுதல் எடைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். நேர இடைவெளியும் பல மணி நேரம் நீளும். வேறு ஆபத்தும் உண்டு, கீழே தனித்தனி டிக்கெட் பற்றிய பதிலில் பாருங்கள்.

துபாய் வழியா போனா சுத்து இல்லையா?

பலரும் நினைப்பது போல இல்லை. சென்னை–துபாய் சுமார் 2,930 கி.மீ., துபாய்–பாரீஸ் சுமார் 5,240 கி.மீ. மொத்தம் 8,170. நேர்தூரத்தைவிட 140, 150 கி.மீ.தான் கூடுதல், பறப்பதில் பத்து நிமிடம். தோஹா வழி சுமார் 230 கி.மீ. கூடுதல், டெல்லி வழி 300. மும்பையும் பிராங்பர்ட்டும் கிட்டத்தட்ட பாதையிலேயே இருப்பதால் கூடுதல் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். லண்டன் போய்த் திரும்பி வந்தால் சுமார் 550 கி.மீ. கொழும்பு வழி என்றால் தெற்கே போய் மறுபடி வடக்கே வர வேண்டும், 1,100 கி.மீ.க்கு மேல் கூடும்.

ஆக, இடையில் மாறும் பயணம் நீள்வதற்குக் காரணம் தூரம் இல்லை, தரையில் காத்திருக்கும் நேரம். சென்னை–துபாய் நாலு, நாலேகால் மணி நேரம், துபாய்–பாரீஸ் ஏழு, ஏழரை மணி நேரம். மீதி எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. டிக்கெட் ஒப்பிடும்போது எந்த ஊர் வழி என்பதைவிட மொத்த மணி நேரத்தைப் பாருங்கள்.

வரைபடத்துல கோடு போட்டா அரபு நாடு மேல போகுது. பிளைட் திரையில ஏன் வடக்கே வளைஞ்சு போகுது?

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது குறுக்குவழி வளைவாகத் தெரியும். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் சென்னையில் நூலின் ஒரு முனையையும் பாரீஸில் மறு முனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் சோலாப்பூர் பக்கம், குஜராத்தின் தென்பகுதி, பாகிஸ்தானின் பலூசிஸ்தான், ஈரான், ஆர்மீனியா, கருங்கடல், ருமேனியா, ஹங்கேரி, தென் ஜெர்மனி என்று போகும். பாதி வழி எங்கே தெரியுமா? காஸ்பியன் கடலின் தென்மேற்குக் கரையில். அதுதான் உண்மையான மிகக் குறுகிய பாதை.

சில வருஷமா முன்னைவிட நேரம் கூடுதுங்கிறாங்களே?

மேலே சொன்ன நூல் போகும் நாடுகளைக் கவனியுங்கள், காரணம் தெரிந்துவிடும். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. ஈரான், ஈராக் மேல் பதற்றம் எழும்போதெல்லாம் விமானங்கள் சுற்றிப் போகின்றன. 2025 ஜூன் 23 அன்று கத்தார் சில மணி நேரம் வான்வெளியை மூடியபோது தோஹா வழி போகிறவர்கள் நடுவழியில் மாட்டினார்கள்.

இதில் டெல்லியிலிருந்து பாரீஸ் போகிறவர்களுக்குத்தான் இழப்பு அதிகம், அவர்களுடைய நேர்வழியே பாகிஸ்தான் மேல்தான். சென்னையிலிருந்து போனால் அரபிக்கடல், ஓமான் பக்கம் திரும்பினாலும் துபாய்க் கணக்கில் பார்த்தது போலச் சுற்று பெரிதாகாது. கிளம்பும் வாரத்தில் வளைகுடாவில் பதற்றம் என்று செய்தி வந்தால் நிறுவனத்தின் அறிவிப்பைத் தினமும் பாருங்கள். அலைபேசி எண்ணை டிக்கெட்டில் சரியாகக் கொடுத்திருந்தால் மாற்றம் குறுஞ்செய்தியாக வரும். முகவர் தன் எண்ணைப் போட்டிருந்தால் அவருக்குத்தான் வரும், அதைக் கேட்டு மாற்றுங்கள்.

மாறுற இடத்துல எவ்வளவு நேரம் இருந்தா நல்லது?

ஒரு மணி நேரம் போதும் என்று நிறுவனமே டிக்கெட் விற்கும். வாங்காதீர்கள். முதல் விமானம் 40 நிமிடம் தாமதமானாலே அடுத்தது போய்விடும். துபாய், தோஹாவில் இரண்டரை முதல் நான்கு மணி நேரம் வசதியானது. டெல்லி, மும்பையில் உள்நாட்டிலிருந்து பன்னாட்டுக்கு மாறுவதால் குறைந்தது மூன்று மணி நேரம் வையுங்கள். சக்கர நாற்காலி கேட்டிருக்கும் பெரியவர்களுக்கு எங்கேயும் மூன்று மணி நேரத்துக்குக் குறைய வேண்டாம். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்குக் களைப்பு கூடும், பணம் கொஞ்சம் கூடினாலும் குறைந்த காத்திருப்பே மேல்.

சென்னை–துபாய் ஒரு டிக்கெட், துபாய்–பாரீஸ் வேற டிக்கெட்னு எடுத்தா மலிவா இருக்கே?

மலிவுதான், அபாயம் முழுவதும் உங்கள் தலையில். ஒரே பதிவு எண்ணில் இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் நிறுவனம் வேறு விமானத்தில் ஏற்றியாக வேண்டும், பெட்டியும் நேராகப் பாரீஸுக்குப் போகும். தனித்தனி என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் தாமதம் ஒரு பொருட்டே இல்லை, “வரவில்லை” என்று டிக்கெட்டை ரத்து செய்துவிடும். பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டு விசா கேட்பார்கள். வாங்கும் முன் முகவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “முழுப் பயணத்துக்கும் பதிவு எண் ஒன்றுதானா?”

பிராங்பர்ட் வழி போனா இமிகிரேஷன் எங்கே? பாரீஸ்லயா?

பிராங்பர்ட்டில். ஜெர்மனியும் பிரான்சும் ஷெங்கன் பகுதி (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகள்) என்பதால், முதலில் கால் வைக்கும் இடத்தில் முத்திரைச் சோதனை முடிந்துவிடும். அதன்பின் பாரீஸ் விமானம் உள்நாட்டு விமானம் போலத்தான். அந்த வரிசைக்காக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி தேவை. ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்களின் விரல் ரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்திருக்கிறது. முதல் முறை போகிறவர்களுக்கு அதிலும் சில நிமிடங்கள் கூடும்.

பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் பாண்டிக்காரர்களுக்கு அங்கே வரிசை சிறியது. ஆனால் இந்தியாவுக்குத் திரும்பும்போது ஓ.சி.ஐ. அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இந்திய விசாவோ கையில் இல்லாவிட்டால் பாரீஸிலேயே ஏற்ற மாட்டார்கள். அந்த அட்டையைப் பெட்டிக்குள் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். லண்டன் வழி என்றால் பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு இடைமாற்ற விசா வேண்டுமா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

பாரீஸ்னு தேடினா மூணு ஏர்போர்ட் காட்டுதே?

சார்ல் த கோல், ஓர்லி, போவே. சென்னையிலிருந்து போகும் வழிகளில் பெரும்பாலும் சார்ல் த கோல்தான் வரும். ஓர்லி நகரத்தின் தெற்கே. போவே என்பது பாரீஸிலிருந்து 80 கி.மீ.க்கு மேல் தள்ளி, மலிவு விமானங்கள் இறங்கும் இடம். டிக்கெட் விலை குறைவு என்று அதை எடுத்தால் பேருந்துக்கு ஒன்றேகால் மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

சார்ல் த கோலிலிருந்து நகரம் 25 கி.மீ. ஆர்.இ.ஆர். பி ரயிலில் கார் து நோர் நிலையத்துக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் அங்கிருந்து நடக்கும் தூரம். விமானம் தரையிறங்கிய நேரத்திலிருந்து வெளியே வர ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும், அழைக்க வரும் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லுங்கள்.

நவம்பர், டிசம்பர்ல போகலாமா? புயல் வந்தா?

போகலாம், ஆனால் அந்த இரண்டு மாதம் கூடுதல் கவனம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலில் மூடினார்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் மறுபடி மூடினார்கள், அந்தப் புயல் கரை கடந்ததே பாண்டிக்கு அருகில்தான். அப்போது விமானம் மட்டுமல்ல, நம் ஊர்ச் சாலைகளும் மூழ்கின.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால், சாலை நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் முன்னால் சென்னை போய் விமான நிலையத்துக்கு அருகில் தங்கிவிடுங்கள். விமானம் ரத்தானால் நிறுவனம் பணத்தைத் தரும் அல்லது வேறு நாளில் ஏற்றும். விமானம் ஓடி, நீங்கள் போய்ச் சேராவிட்டால் ஒன்றும் கிடைக்காது. ஜனவரியில் போகிப் பண்டிகைக் காலையில் சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் தாமதமாவதும் உண்டு, அன்று காலை குறுகிய இடைவெளியில் மாறும் டிக்கெட் வேண்டாம்.

பிளைட் லேட்டானா பணம் தருவாங்களாமே?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தில் சேரும் ஊருக்கு நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போனால் ஆளுக்கு 600 யூரோ கேட்கலாம். மூன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் என்றால் பாதியாகக் குறைக்கலாம். பாரீஸிலிருந்து சென்னைக்கு வரும்போது எந்த நாட்டு நிறுவனமானாலும் இந்த விதி உண்டு. சென்னையிலிருந்து பாரீஸுக்குப் போகும்போது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால் மட்டுமே. புயல், வான்வெளி மூடல் போன்றவற்றுக்குக் கிடையாது, இயந்திரக் கோளாறு போன்றவற்றுக்குக் கேட்கலாம். ஏறும் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை. இன்சுலினை எந்த நேரப்படி போடுறது?

மேற்கே போகும் நாள் அம்மாவுக்கு 24 மணி நேரம் இல்லை, இருபத்தேழரை அல்லது இருபத்தெட்டரை மணி நேரம். திரும்பும் நாள் அதே அளவு குறைவு. விமானத்தில் சாப்பாடும் நம் வழக்கமான நேரத்தில் வராது. ஆகவே டிக்கெட்டைக் காட்டி, எந்த ஊசியை எந்த மணிக்குப் போட வேண்டும் என்று மருத்துவரிடம் இந்திய நேரப்படி எழுதி வாங்குங்கள். பாரீஸில் இறங்கும் வரை அம்மாவின் கைக்கடிகாரத்தை மாற்றாமல் வைத்தால் குழப்பம் இராது.

இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவச் சீட்டு கூடவே இருக்கட்டும், பாதுகாப்புச் சோதனையில் ஊசியைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடைபாதையில் நடக்கச் சொல்லுங்கள், நடைபாதையோர இருக்கையாகப் பதிவு செய்தால் அது எளிது. சக்கர நாற்காலி தேவையென்றால் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே நிறுவனத்திடம் சொல்லி, டிக்கெட்டில் பதிவாகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மாறும் விமான நிலையத்திலும் அந்த உதவி தொடர அதுதான் வழி.